துயர்முகர்வி

இசக்கியம்மாள் சோதனைக் கூண்டுக்குள் உட்கார்ந்து வெகுநேரமாகியும் துயர்முகர்வியில் எண் நாற்பத்தொன்றுக்கு மேல் ஏறவில்லை. எழுபதைத் தொட்டால்தான் மருந்து இழுப்பறை திறக்கும்.

“இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணுங்கம்மா,” என்றார் எதிரே இருந்த அலுவலர் சிதம்பரநாதன்.

இசக்கியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புற்றுநோய் மாத்திரைக்கு உதவி கேட்டுப் பொய் சொல்கிறவர்கள் பெருகிவிட்டார்களாம். அதனால் மருத்துவச் சான்றிதழ்களைத் தூக்கிப் போட்டுவிட்டு இந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். துயரப்படுகிறவர் மூச்சில் கலந்துவரும் வேதிப்பொருளை அறைக்காற்றில் முகர்ந்து எண்ணாகக் காட்டும். ஒரு மாத மாத்திரையின் விலை அவளுடைய ஒரு வருடச் சம்பளம்.

அவள் நகரப் பேருந்து நடத்துநர். ஓட்டுநர்களை ஒழித்துத் தானோட்டிகளைக் கொண்டுவந்த அரசு, படியில் தொங்குகிறவர்களைத் திட்ட ஒரு வாய் வேண்டுமென்று நடத்துநர்களை விட்டுவைத்திருந்தது. முதல் மாதங்களில் இந்தக் கூண்டில் தேம்பித் தேம்பி அழுதாள், இழுப்பறையும் திறந்தது. இப்போது மாத்திரை வேலை செய்கிறது. அவள் கணவன் கொம்பையா நேற்று மீன்குழம்பு கேட்டுச் சாப்பிட்டான். அந்தச் சந்தோஷமே இன்று வினையாக வந்துவிட்டது. மாத்திரையை நிறுத்தினால் கட்டி திரும்பும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது பெட்டிக்குத் தெரியுமா?

“அவர் செத்துட்டார்னு நினைச்சுப் பாருங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.”

“வாயக் கழுவுங்க சார்! உசுரோட இருக்கிற மனுசனப் பத்தி என்ன பேச்சு பேசுதீய?”

எண் முப்பதுக்கு இறங்கியது. கோபத்தின் வாசனை அந்தப் பெட்டிக்குப் பிடிபடாது.

“ஒங்களுக்கு அம்மா இருக்காவளா?” என்று கேட்டாள்.

“கோவில்பட்டியில, தனியா இருக்காங்க. ஏன்?”

“செத்துட்டாவன்னு நினைங்க. நீங்க போய்ச் சேருறதுக்குள்ள பொணத்த எடுத்துட்டாவ. நினைங்க சார், நீங்க சொன்னதுதான?”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எண் மளமளவென்று எழுபத்திரண்டுக்கு ஏற, இழுப்பறை திறந்தது. கூண்டுக்குள் துயரப்படக்கூடியவர் ஒருவர்தான் இருப்பார் என்று நம்பிச் செய்த இயந்திரம் அது. இசக்கியம்மாள் மாத்திரையை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று வெளியேறினாள்.

துறை சும்மா இருக்குமா? இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு அலுவலர்களை மாற்றியது. எல்லோரையும் முகர்வி முன் உட்காரவைத்து, எண் துளியும் அசையாதவர்களை மட்டும் கூண்டுகளில் அமர்த்தியது. அடுத்த மாதம் அவள் எதிரே இருந்த புதியவரின் சட்டையில் சுழியம் பொறித்த பதக்கம் மின்னியது.

“முப்பத்தெட்டு. எழுந்திருங்க. அடுத்த ஆள்.”

அவள் எழுந்தாள். கதவை அகலத் திறந்தாள். வெளியே கூடம் நிறைய ஆட்கள், முடி கொட்டிய தலையில் துண்டு சுற்றியவர்களும் அவர்களைத் தாங்கிப் பிடித்தவர்களுமாகக் காத்திருந்தார்கள்.

“வாங்க, உள்ள ஏறுங்க! படியில நிக்காதீய! நெருங்கி நில்லுங்க, பின்னால வாறவங்களுக்கு எடம் விடுங்க!”

பழகிய அதட்டல். யோசிக்காமல் எல்லோரும் ஏறினார்கள்.

“ஒருத்தர்தான் வரணும்!” என்று புதியவர் கத்தினார்.

கூண்டு நெரிந்தது. எண் எழுபதைத் தாண்டி, நூற்றைத் தாண்டி ஓடியது. திறந்த இழுப்பறை மூடவே இல்லை. கைகள் அதற்குள் நீண்டன.

இசக்கியம்மாள் புதியவரின் தோளைத் தட்டினாள்.

“சார், நீங்க மட்டும் எறங்கிக்கிடுங்க. சும்மா எடத்த அடைச்சிக்கிட்டு இருக்கீய.”