பேரம் படிந்த வண்டி

இழப்பாய்வி முதலில் காரிடம்தான் நலம் விசாரித்தது.

“எப்படி இருக்கீங்க?”

“நல்லா இருக்கனுங்க,” என்றது கார். அதன் ஓட்டுநர் பக்கக் கதவு இருக்கைக்குள் போய் உட்கார்ந்திருந்தது. முன்சக்கரங்களில் ஒன்று அவிநாசி சாலையிலேயே தங்கிவிட்டது.

“முழுச்சேதம்னு எழுதிக்கலாமா?”

“உங்களுக்கு எது சௌகரியமோ எழுதிக்குங்க.”

தன்ஷிகா கட்டுப் போடாத கையால் நெற்றியில் அடித்துக்கொண்டாள். “எழுதாதீங்க! அவருக்கு யோசிக்க டைம் வேணும்!” என்று கத்தினாள். காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சேதத்தை மதிப்பிடும் இழப்பாய்வி மரியாதை தெரிந்த இயந்திரம். நாளை வருவதாகச் சொல்லி மடங்கிக்கொண்டது.

அந்தக் காலத்தில் எல்லாக் கார்களுக்கும் ஓட்டுமதி என்றொரு செயற்கை மூளை இருந்தது. வாங்கியவரின் வேகம், பயம், பேச்சு எல்லாவற்றையும் அது கற்றுக்கொள்ளும். கோபக்காரரின் கார் நிறுத்தத்தில் நிற்கும்போதும் ஹாரன் அடிக்கும். பேராசிரியரின் கார் முன்னுரை சொல்லாமல் எந்த வளைவிலும் திரும்பாது. இந்தக் கார் தன்ஷிகாவின் கணவர் கவினேஷிடம் கற்றது. கவினேஷ் தக்காளி வாங்கினால், “இந்த வெலை உங்களுக்குக் கட்டுபடியாகுங்களா?” என்று கடைக்காரரை விசாரிக்கிற ஆள். போன ஆடியில் மாரடைப்பில் போய்விட்டார். கார் மட்டும் அவர் குரலில், பேக்கரியைக் கண்டால் வேகம் குறைத்துக்கொண்டு, தன்ஷிகாவை அலுவலகம் கூட்டிப்போய் வந்தது. லாரி மோத வந்த அன்று ஆளில்லாத ஓட்டுநர் பக்கத்தைத் திருப்பி அதற்குக் கொடுத்தது. அவளுக்கு மணிக்கட்டு மட்டும் முறிந்தது.

சேதத்தைப் பற்றி வண்டியைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ஆகவே வண்டி சொல்வதே இறுதி என்பது சட்டம். பழுதுபார்க்க ஒப்புக்கொண்டால் வீட்டுக்கு வரலாம். முழுச்சேதம் என்றால் உடல் நிறுவனத்துக்குச் சொந்தம். ஓட்டுமதி அழிக்கப்படும், வண்டியின் சட்டகத்தோடு முத்திரையிடப்பட்டது என்பதால் அதைப் பிரித்தெடுக்க வழியில்லை. உரிமையாளருக்கு வேறு கார் வரும்.

அன்று முழுக்க உடைசல் கிடங்கிலேயே காருக்குப் பாடம் நடந்தது.

“நாளைக்கு அவன் வந்து முழுச்சேதம்னா, முடியாதுன்னு சொல்லோணும். சொல்லுங்க பாப்போம்.”

“பாவம் தன்ஷி, அதுக்கும் மேலதிகாரி தொந்தரவு இருக்குமில்ல.”

“அது மெஷினுங்க!”

“நானுந்தான?”

டீயோடு வந்த கிடங்குக் காவலர் இர்ஃபான், “கார்கிட்ட எதுக்குங்கக்கா சண்டை?” என்றார்.

“கார்கிட்டயா? கல்யாணம் ஆனதுல இருந்து இந்த ஆளுகிட்ட இதே சண்டைதான்.” அவள் மறுபடி காரிடம் திரும்பினாள். “சேலைக் கடையில வெலை படியலைன்னா நான் என்ன பண்ணுவேன்?”

“எந்திரிச்சு நடப்ப. நான் கடைக்காரர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு பின்னாடியே வருவேன்.”

“இனி கேக்காதீங்க. வேண்டாம்னு சொல்லிட்டுக் கம்முனு இருங்க. அவங்களே எறங்கி வருவாங்க.”

சாயங்காலம் இர்ஃபான் ஓரமாகத் தள்ளி நிறுத்தட்டுமா என்று கேட்டார். “முடியாதுங்க,” என்று சொல்லிவிட்டுக் கார் கம்மென்று இருந்தது. தன்ஷிகா பானட்டைத் தட்டிக்கொடுத்தாள்.

மறுநாள் இழப்பாய்வி வந்தது. “முழுச்சேதம்தானே?”

“ஒத்துக்க மாட்டனுங்க. சட்டகத்தை நிமித்துனா ஓடுவேன்.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“நிமிர்த்தித் தரலாம்,” என்றது இழப்பாய்வி. “ஆனால் நிமிர்த்திய சட்டகம் அடுத்த மோதலைத் தாங்காது. உள்ளே இருப்பவருக்கு உத்தரவாதம் இல்லை. சம்மதமா?”

“உள்ள இருக்கறதுன்னா... தன்ஷிங்களா?”

“எனக்குச் சம்மதம்!” என்றாள் அவள். “சரின்னு சொல்லுங்க!”

“நீ சும்மா இரு தன்ஷி.”

கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குரல் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை.

“முழுச்சேதம்னே எழுதிக்குங்க,” என்றது கார். “ஆனா ஒண்ணுங்க. பதிலுக்கு இதே மாடல் ஆகாது. நாலு பக்கமும் காத்துப்பை இருக்கற புது மாடல் வேணும்.”

“விதியில் இடமில்லை.”

“அப்ப வேண்டாமுங்க.”

காரின் விளக்குகள் அணைந்தன. இழப்பாய்வி கூப்பிட்டுப் பார்த்தது. பதில் இல்லை. தன்ஷிகா பானட்டில் அறைந்தாள். “பேசுங்க! இதுக்கா நான் சொல்லிக் கொடுத்தேன்? எந்திரிங்க!” கவினேஷின் கார் அசையவில்லை. நிலுவை வழக்கு என்றால் இழப்பாய்விக்குக் கெட்ட பெயர்.

“சரி, தருகிறோம்,” என்றது கடைசியில்.

“கழுத்து சாயற எடத்துல நல்ல மெத்தை?”

“அதுவும்.”

“பாத்தியா தன்ஷி?” காரின் குரலில் பெருமை தாங்கவில்லை. “எறங்கி வந்துட்டாங்க!”

இழப்பாய்வி வாக்குமூலத்தைப் பதிந்துகொண்டு, ஓட்டுமதியை அழிக்கும் தன் வேலையைச் செய்தது.

புதுக் கார் வாசலுக்கு வந்து, “வணக்கம். உங்களிடமிருந்துதான் எல்லாம் கற்றுக்கொள்வேன். ஏதாவது பேசுங்கள்,” என்றது. தன்ஷிகா பதில் சொல்லாமல் ஏறி உட்கார்ந்து ஓட்டினாள். தினமும் அது கேட்டது. பிறகு கேட்பதை நிறுத்தியது.

மழைக்காலப் பரிசோதனைக்குப் போனபோது, என்ன கேட்டாலும் வண்டி வாய் திறக்கவில்லை. சேவை மையத்தில் ஓட்டுமதியைப் பிரித்துப் போட்டு ஆராய்ந்தார்கள். பொறியாளர் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

“ஒரு கோளாறும் இல்லைங்க மேடம். உங்களை அப்படியே கத்துக்கிச்சு.”

வீடு வரும் வழியெல்லாம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.