அழுகை அடக்கும் மருந்து

சீசாவில் மருந்து கூடியிருந்தது.

காலையில் குழந்தைக்கு ஒரு கரண்டி புகட்டிவிட்டு மூடும்போது பாதிக்குக் கீழேதான் கிடந்தது. கெஸியா தன் கண்ணாலேயே பார்த்தாள். இப்போது அந்தக் கருஞ்சிவப்புச் சாறு சீசாவின் தோள்வரை ஏறி, ஒன்றும் அறியாததுபோல நின்றது. சீசாவை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். சோம்பும் வெல்லப்பாகும் கலந்த அந்த வாசனை, தக்கையை இறுக அடைத்திருந்தும் மூக்கில் ஏறியது. வெளியே பாலைவனப் பக்கமிருந்து அனல்காற்று வீசிக்கொண்டிருந்தது. சன்னல் பலகைகளைச் சாத்தியும் செம்மண் தூசி உள்ளே புகுந்து ரொட்டி மேலும், தொட்டில் துணி மேலும், அவள் பல்லிடுக்கிலும் நறநறத்தது. நடுப்பகல்தான். வீட்டுக்குள் விளக்கேற்ற வேண்டியிருந்தது.

யாராவது தண்ணீர் ஊற்றியிருப்பார்களோ? யார் ஊற்றுவது? வீட்டில் இருப்பது அவளும், மூன்று மாதத்துக் குழந்தை சைலஸும், பக்கத்து அறையில் குறட்டை விடும் புருஷன் டிகரியும்தான். டிகரிக்குத் தாமிரச் சுரங்கத்தில் ராத்திரி வேலை. பகலில் தூங்கியாக வேண்டும். தூக்கம் கெட்டவன் சுரங்கத்து ஏணியில் கால் வைத்தால் என்னவாகும் என்பதை அந்த வரிசை வீடுகளில் எந்த விதவையைக் கேட்டாலும் சொல்வாள். இந்தக் குழந்தையோ பிறந்த நாள் முதல் ஓயாமல் கத்தியது. வயிற்று வலியா, இந்த நாசமாய்ப்போன வெயிலா, யாருக்குத் தெரியும்.

"உன் பையன் கத்துறது சுரங்கத்துக்கு அடியில கேக்குதாம்டி. இனிமே சங்கு ஊத வேண்டாம்னு சுரங்கத்துக் கேப்டன் சொல்லிட்டாராம்" என்று இந்த மருந்து வருவதற்கு முன் ஒரு நாள் பக்கத்து வீட்டு ஹானர் சுவருக்கு மேலே தலையை நீட்டிச் சிரித்தாள்.

"நீங்க வந்து ஒரு நாள் தூக்கிப் பாருங்கக்கா, அப்ப தெரியும்" என்றாள் கெஸியா. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த வாரம்தான் வண்டிக்காரன் வந்தான். வாணலி, விளக்குக் கண்ணாடி, சோப்பு, பூட்சு மை, விளக்கெண்ணெய், ஈரலுக்கு மாத்திரை என்று சகலமும் தொங்கும் வண்டி. குழந்தையின் சத்தத்தைத் தலையைச் சாய்த்து, பாட்டுக் கேட்பவன்போலக் கேட்டுவிட்டு, இந்தச் சீசாவை எடுத்து நீட்டினான்.

"காசெல்லாம் வேண்டாம்மா. வச்சுக்க."

கெஸியா கார்ன்வால் சீமைக்காரி. கடல் கடந்து இந்தக் காலனிக்கு வந்தும் ஊர் வழக்கத்தை விடாதவள். அவர்கள் ஊரில் மந்திரித்துக் குணமாக்குகிறவருக்குக் காசும் தரக்கூடாது, நன்றியும் சொல்லக்கூடாது. சொன்னால் குணம் முறிந்துவிடும். காசு வேண்டாமென்று மருந்து தருகிறவன் வேறு யாராக இருப்பான்? அவள் உதட்டை இறுக மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டாள். அவன் கொஞ்ச நேரம் காத்து நின்றான்.

"ஒரு வார்த்தையும் இல்லையா? நல்லது" என்று சொல்லிவிட்டு வண்டியேறினான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மருந்து வேலை செய்தது. முதல் கரண்டியிலேயே அழுகை நின்றது. டிகரி தூங்கினான், பல நாளுக்குப் பிறகு அவளைப் பார்த்துச் சிரித்துக்கூடப் பேசினான். ஆனால் சைலஸ் பசிக்கும் அழவில்லை. ஈரத்துக்கும் அழவில்லை. கண்ணைத் திறந்து கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தான். பயந்துபோய் மருந்தை நிறுத்திப் பார்த்தாள். அப்போதும் அழவில்லை. தூக்கும்போதெல்லாம் கை சட்டென்று மேலே போனது, பால் இருக்கிறதென்று நினைத்துக் காலிச் செம்பைத் தூக்கினால் போகுமே, அப்படி. நேற்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு தொடையில் கிள்ளினாள். குழந்தை வாயை அகலத் திறந்தது. முகம் சிவந்தது. சத்தம் வரவில்லை.

இன்று காலை ஹானர் சொன்னாளென்று மறுபடி ஒரு கரண்டி கொடுத்தாள். "மருந்தைப் பாதியில நிறுத்தினா அப்படித்தான்டி ஆகும்" என்றிருந்தாள் அந்தப் புத்திசாலி.

கெஸியா சீசாவை மாவுத் தொட்டிக்குள் புதைத்து மூடினாள். கண்ணில் படாமல் இருந்தால் போதும். கை மாவைத் துடைத்துக்கொண்டு தொட்டிலருகே உட்கார்ந்தாள். காற்று கூரைத் தகரத்தைப் பிறாண்டியது. டிகரியின் குறட்டை ஏறி இறங்கியது. அந்த இரண்டுக்கும் இடையில், மெல்லிய ஒரு முனகல்.

பூனையாக இருக்கும்.

மறுபடியும் கேட்டது. விக்கி, மூச்சிழுத்து, மேலே ஏறும் முனகல். அவளுக்குத் தெரிந்த முனகல். குனிந்து தொட்டிலைப் பார்த்தாள். சைலஸின் வாய் மூடியிருந்தது.

குறட்டை நின்றது. "கெஸியா" என்று அறைக்குள்ளிருந்து டிகரி தூக்கக் குரலில் எரிந்து விழுந்தான். "குழந்தையை எதுக்குடி மாவுத் தொட்டிக்குள்ள போட்ட? எடுத்துத் தொலை."

தொட்டியைத் திறந்தாள். மாவு மேலும் கீழும் அசைந்துகொண்டிருந்தது. சீசாவை எடுத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. தக்கைவரை நிரம்பியிருந்தது. உள்ளே அழுகை.

வாசலில் வாணலிகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டது.

வண்டிக்காரன் தட்டாமலே கதவைத் திறந்துகொண்டு வந்தான். அவனோடு தூசி வந்தது. அவன் கோட்டில் மட்டும் தூசி இல்லை.

"நிரம்பியிருக்குமே" என்றான்.

"நன்றிங்க ஐயா" என்றாள் கெஸியா. "ரொம்ப நன்றிங்க. அன்னிக்கே சொல்லியிருக்கணும். தப்புத்தான். இப்ப சொல்றேன்."

"அன்னிக்குச் சொல்லியிருந்தா இனாமாப் போயிருக்கும்" என்றான் வருத்தமே இல்லாமல். "பேசாம வாங்கிக்கிட்ட. ரெண்டுல ஒண்ணு என்னோடது. நான் அடாவடி பண்றவன் இல்ல. நீ எதை வச்சுக்கிறன்னு நீயே சொல்லு."

தொட்டிலில் குழந்தை. அசையாமல், பளபளவென்று, சீசா லேபிளில் போட்டிருந்த குழந்தைப் படம்போல அழகாக. அவளைப் பார்க்கவில்லை. கையில் சீசா. அதற்குள் பசித்து, பயந்து, அம்மாவைத் தேடிக் கதறும் குரல். அது சைலஸின் குரல். ஆயிரம் குழந்தைகள் அழுதாலும் அவளுக்குத் தெரியும். தொட்டிலில் கிடப்பது எது? அதற்கு எடையே இல்லையே. அது வெறும் தோல். என் பிள்ளை இங்கே இருக்கிறான்.

சீசாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"சரி" என்றான் வண்டிக்காரன்.

தொட்டிலில் இருந்ததை ஒரு கையால் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். அவள் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சீசாவை ஆட்டினாள். "ஒண்ணுமில்லடா, அம்மா இருக்கேன், அம்மா இருக்கேன்."

சீசா அடங்கியது.

அடங்கிய மறுகணம், வெளியே, தெருவில், சைலஸ் வீறிட்டு அழுதான்.

வாய்விட்டு. நெஞ்சு வெடிக்க. பிறந்த நாள் முதல் அழுத அதே அழுகை.

அவள் கையிலிருந்த கண்ணாடி ஜில்லென்றிருந்தது. உள்ளே வெறும் சாறு. அவ்வளவுதான். வெறும் சாறு.

ஓடினாள். தெருவில் செம்மண் காற்று. வண்டி இல்லை. சக்கரத் தடம் இல்லை. தேவாலயப் பக்கம் அழுகை கேட்டது. அங்கே ஓடினாள். இப்போது சுரங்கத்துப் புகைபோக்கிப் பக்கம். திரும்பினாள். பின்னால். மேலே. தூரத்தில். இன்னும் தூரத்தில். அழுகைக்குச் சுரந்த பால் அவள் ரவிக்கையை நனைத்து, பாவாடையில் வழிந்து, செம்மண்ணில் சொட்டியது. நிற்கவில்லை. குழந்தை கூப்பிடக் கூப்பிடச் சுரந்துகொண்டே இருந்தது.

வீட்டுக்குள்ளிருந்து டிகரி கத்தினான். "அடக்குடி அதை. மனுஷன் தூங்க வேண்டாமா?"