வீக்கம் வடிவதற்குள்

“சிரிக்கக் கூடாது மேடம். பல்லைக் கடிக்காம, உதட்டைச் சும்மா மூடிக்கிட்டு, அந்தச் சுவரைப் பாருங்க.”

“சுவர்ல பார்க்கிறதுக்கு என்ன சார் இருக்கு? ஒரு பல்லிகூட இல்லையே!”

கேமராவுக்குப் பின்னால் அவன் கை அப்படியே நின்றுவிட்டது. அந்தக் குரல்... தினமும் காலை ஆறரைக்கு வானொலியில் “இன்னுமா தூங்கறீங்க?” என்று ஊரையே அதட்டி எழுப்பும் குரல். நேயர்கள் செல்லமாக ‘அலாரம்’ என்று கூப்பிடும் அதே குரல்! நான்கு வருடமாக அவன் பல் தேய்ப்பதே அதைக் கேட்டுக்கொண்டுதான்.

“நீங்க... அலாரமா?”

“போச்சுடா! ஆமா சார், அலாரம்தான். முகத்தைப் பார்த்ததும் ஏமாந்துட்டீங்களா?”

கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்தால் உதட்டுக்கு முன்பே கண்கள் சிரித்துவிடும் போலிருக்கிறது. ஏமாறுவதாவது... அவனுக்கு மூச்சே வரவில்லை, பாவம்!

அந்த அழகு சிகிச்சை மருத்துவமனையில் படம் எடுப்பவன் அவன். முன்பெல்லாம் மூக்குக்குத்தான் கூட்டம் வரும். வீட்டில் உட்கார்ந்து வீடியோவில் வேலை பார்க்கிற காலம் வந்தாலும் வந்தது, தன் முகத்தைத் தானே நாள் முழுக்கப் பார்த்து அலுத்துப்போன ஜனங்கள் முகவாய்க்கு வரிசையில் நிற்கிறார்கள். வக்கீல், கல்லூரி மாணவன், நிச்சயமான மாப்பிள்ளை... எல்லோருக்கும் முகவாய்க்குள் ஒரு சிலிகான் துண்டு வைத்தாக வேண்டும். பக்கவாட்டில் படம் எடுத்து, கணினியில் முகவாயை ஐந்து மில்லிமீட்டர் முன்னே இழுத்து, ‘இப்போது’, ‘பிறகு’ என்று இரண்டு படங்களை அருகருகே அச்சடித்துத் தருவது அவன் வேலை.

“இன்னும் ரெண்டு மாசத்துல எங்க நிகழ்ச்சியை வீடியோவாவும் காட்டப் போறாங்க சார். ஒத்திகைக்கு ஒரு சின்ன வீடியோ போட்டாங்க. ‘குரல் வந்துடுச்சு, தாடை எங்கே?’ன்னு ஒருத்தன் எழுதியிருக்கான். அதுக்கு நானூறு லைக்!” வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தாள். முடிப்பதற்குள் சிரிப்பு போய்விட்டது. “எனக்கு அந்த கேமரா முன்னாடி உட்காரவே பயமா இருக்கு.”

அவன் கணினியைப் பார்த்தபடி ‘ம்... ம்...’ என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். அச்சு வெளியே வந்ததும் கூட வந்த அக்கா பாய்ந்து வாங்கிக்கொண்டாள்.

“அடியே, ‘பிறகு’ படத்தைப் பாரேன்! ராணி மாதிரி இருக்கே!”

அவளும் பார்த்தாள். கண்கள் நிறைந்துவிட்டன. “இதான் சார்... எனக்கு இப்படித்தான் வேணும்.”

அவன் எட்டிப் பார்த்தான். ஐயோ! இரண்டும் ஒரே படம். பேச்சைக் கேட்ட மயக்கத்தில் முகவாயை இழுக்கவே மறந்திருக்கிறான்!

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் அந்தப் படத்தை நம்பித்தானே கத்திக்கு முகத்தைக் கொடுக்கப் போகிறாள்? அதற்குள் அக்காவோடு கிளம்பிவிட்டவளைப் படிக்கட்டு வரை ஓடிப்போய் நிறுத்தி உண்மையைச் சொன்னான்.

அவள் முகம் சிவந்துவிட்டது. “அப்போ ரெண்டுமே நான்தானா? நானும் அக்காவும் வாயைப் பொளந்து பார்த்ததை நின்னு வேடிக்கை பார்த்தீங்க!”

“சத்தியமா இல்லைங்க...”

“பின்னே? ‘இருக்கிறதே அழகு’ன்னு எனக்கு உபதேசம் பண்ண வந்தீங்களா?”

“நீங்க பேசினதைக் கேட்டுக்கிட்டே மவுஸைத் தொட மறந்துட்டேன்.”

அவள் நம்பவில்லை. விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டாள். அடுத்த மூன்று நாள் காலையிலும் வானொலி ஊரை எழுப்பியது. ஆனால் ஒரு கிண்டல் இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. அவன் வாயில் பேஸ்ட் நுரையோடு மலங்க மலங்க நின்றான்.

நான்காம் நாள் நல்ல மழை. குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, தனியாக வந்து நின்றாள். இமை நுனியில்கூட ஒரு துளி...

“இந்தத் தடவை ஒழுங்கா ஒரு படம் போட்டுக் குடுங்க.”

அரை மணி நேரம் கவனமாகச் செய்து கொடுத்தான். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்படி இருக்கு?”

“நல்லா இருக்குங்க. பொய் சொல்ல மாட்டேன்.”

“அப்போ பண்ணிக்கட்டுமா?”

“அது உங்க முகம். நீங்கதான் சொல்லணும்.”

அவனை நிமிர்ந்து பார்த்தாள். அக்கா ‘செய்’ என்றாள், அம்மா ‘வேண்டாம்’ என்றாள், நிலைய மேலாளர் ‘சீக்கிரம்’ என்றார். இப்படிச் சொன்ன முதல் ஆள் இவன்தான். கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

“பண்ணிக்கிறேன். எனக்கு ஆசையா இருக்கு.”

‘எனக்கும்தான் ஆசையா இருக்கு... உங்க மேல!’ என்று சொல்லத் துடித்த நாக்கை அவன் கடித்துக்கொண்டான்.

அறுவை சிகிச்சை முடிந்து ஐந்தாம் நாள், தையலைப் படமெடுக்க அக்கா அவளை அழைத்து வந்தாள். முகம் பலூனாக வீங்கியிருந்தது. கன்னத்தில் நீலமும் மஞ்சளுமாகக் கன்றல். முகவாயைத் தாங்கித் தலையைச் சுற்றி ஒரு பட்டை. இன்னும் ஒரு வாரம் பேசக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். அலாரத்துக்கே வாய்ப்பூட்டு! அக்காவுக்கு ஒரு போன் வந்து அவள் வெளியே போன நேரம் பார்த்து, அவன் கேமராவைக் கீழே வைத்தான்.

“உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. கட்டிக்கிற அளவுக்குப் பிடிச்சிருக்கு.”

வீங்கிய முகத்தில் அந்தக் கண்கள் அகல விரிந்தன.

“முன்னாடியே சொல்லியிருந்தா, ஆபரேஷனைத் தடுக்கப் பார்க்கிறேன்னு நினைச்சிருப்பீங்க. வீக்கம் வடிஞ்சப்புறம் சொன்னா, புதுத் தாடையைப் பார்த்து மயங்கிட்டேன்னு நினைப்பீங்க. அதான்... இன்னிக்கே சொல்லிட்டேன்.”

அவள் போனில் எழுதிக் காட்டினாள். ‘பேச முடியாதவகிட்ட வந்து சொல்றீங்களே, இது நியாயமா?’

“பதிலுக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க. ஒரு வாரம் கழிச்சுக்கூட...”

முடியாது என்று தலையை ஆட்டினாள். போனை ஓரமாக வைத்தாள். ஒரு கையால் முகவாயையும் மறு கையால் அவன் கையையும் பிடித்துக்கொண்டு, உதட்டை அசைக்காமல், பல்லிடுக்கில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

“ஒரு வாரமெல்லாம்... என்னால... சும்மா இருக்க முடியாது. எனக்கும்... பிடிச்சிருக்கு.”

“ஏய், அங்க யாருடி பேசறது? டாக்டர் என்ன சொன்னார்?” என்று வெளியிலிருந்து அக்காவின் குரல் அதட்டியது.

தையல் இழுத்து உயிர் போகிற வலி. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஆனாலும் அவன் கையைப் பற்றிய கையை அவள் விடவில்லை.