வாழைப்பழப் பூட்டு

ஐந்தாம் வகுப்பில் ஒரு செய்தி பள்ளி முழுக்கப் பரவ வேண்டும் என்றால் வழி சுலபம். வாயாடியைக் கூப்பிட்டு, "யார்கிட்டயும் சொல்லாதே" என்று சொன்னால் போதும்.

அப்படிப்பட்ட வாயாடிதான் வகுப்பு இதழுக்கு ஆசிரியர். எல்லாரும் எழுதித் தருவதைக் கணினி அறையில் உட்கார்ந்து தொகுத்து, மாதம் ஒரு முறை எல்லார் வீட்டுக்கும் அனுப்புவாள்.

போன மாதம் அதில் வம்பு வந்தது. "மிஸ்ஸுக்கு மிகவும் பிடித்தது புத்தகம்" என்று அவள் எழுதியிருந்தாள். பம்பரம் என்ற பையன் தன் வீட்டில் அதைத் திறந்து, ‘புத்தகம்’ இருந்த இடத்தில் ‘தூக்கம்’ என்று போட்டு, மறுபடி எல்லாருக்கும் அனுப்பிவிட்டான். அது தலைமை ஆசிரியர் வரை போய்ச் சேர்ந்தது.

இந்த மாதம் வாயாடி உஷார். கணினி சாரிடம் கேட்டு, இதழைப் பிடிஎஃப் ஆக மாற்றினாள்.

"இதுல ரெண்டு விதமான பூட்டு இருக்கு," என்றார் சார். "ஒண்ணு வாசல் பூட்டு. கடவுச்சொல் தெரிஞ்சவங்க மட்டும்தான் திறக்க முடியும். இன்னொண்ணு போட்டா, எல்லாரும் உள்ளே வரலாம், படிக்கலாம். ஆனா எதையும் திருத்த முடியாது."

"எனக்கு ரெண்டாவது பூட்டு சார். பம்பரம் கையைக் கட்டிக்கிட்டுப் படிக்கட்டும்."

சார் போனதும், பக்கத்து நாற்காலியில் இருந்த தும்பி அவள் சட்டையை இழுத்தாள்.

"எனக்கு அந்த வாசல் பூட்டு வேணும்."

தும்பிக்கு ‘ழ’ வராது, ‘ய’தான் வரும். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், "எனக்கும் கொஞ்சம் பயம் குடு" என்று கேட்டுவிட்டாள். உடனே பம்பரம் மேசைக்கு அடியிலிருந்து "பே!" என்று குதித்தான். வகுப்பே சிரித்தது. வாயாடியும்தான் சிரித்தாள். அதை நினைத்தால் அவளுக்கு இன்னும் வெட்கமாக இருக்கும். அன்றிலிருந்து தும்பி வாயைத் திறப்பதே குறைந்துபோனது.

"மிஸ்ஸுக்கு ஒரு லெட்டர்," என்றாள் தும்பி. "மிஸ் மட்டும்தான் பார்க்கணும். இன்னிக்குக் கடைசி மணிக்குள்ள பார்க்கணும்."

அன்று கடைசி வகுப்பில்தான், ஆண்டு விழாவில் மழைப் பாட்டுச் சொல்லப்போவது யார் என்று மிஸ் முடிவு செய்யப்போகிறார்.

"பாட்டைப் பத்தியா?"

"ம். அதுக்கு மேல கேக்காதே."

வாயாடிக்கு வாய் நமநமத்தது. ஆனாலும் கேட்கவில்லை.

"கடவுச்சொல் பெட்டி ஆங்கில எழுத்தைத்தான் வாங்கும். எட்டு எழுத்தாவது வேணும். மிஸ்ஸுக்குத் தெரியற வார்த்தையாப் போடு," என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். தும்பி ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள்.

கடிதம் மிஸ்ஸுக்குப் போனது. கூடவே ஒரு குறிப்பும் போனது: ‘கடவுச்சொல், நீங்கள் தினமும் இடைவேளையில் சாப்பிடுவது.’

கடைசி வகுப்பு வந்தது. கரும்பலகையில் ‘மழைப் பாட்டு’ என்று எழுதி, பக்கத்தில் பெயருக்கு இடம் விட்டிருந்தார் மிஸ். ஐந்தாறு கைகள் உயர்ந்திருந்தன. தும்பியின் கை மேசைமேலேயே இருந்தது.

மிஸ் மடிக்கணினியை மூன்று முறை தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"தும்பி, உன் லெட்டர் திறக்கவே மாட்டேங்குதே. என்ன வார்த்தை போட்டே? சொல்லும்மா."

வகுப்பு மொத்தமும் திரும்பியது. தும்பியின் முகம் வெளிறிப்போனது.

வாயாடிக்குச் சட்டென்று புரிந்தது. மிஸ் தினமும் சாப்பிடுவது வாழைப்பழம். அதில் ஒரு ‘ழ’ இல்லை, இரண்டு ‘ழ’! பம்பரம் வேறு மேசைக்கு அடியில் குனிய ஆரம்பித்திருந்தான்.

"மிஸ்!" என்று கத்திக்கொண்டு எழுந்தாள் வாயாடி. "பூட்டைப் போட்டுட்டுச் சாவியை ஊருக்கே காட்டுவாங்களா? அப்புறம் எதுக்கு மிஸ் பூட்டு? நான் வந்து பார்க்கறேன்."

மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வா தாயே, வந்து பாரு."

வாயாடி ‘ழ’வுக்கு இசட், எச் போட்டு அடித்தாள். திறக்கவில்லை.

"அதைத்தான் நானும் போட்டேன்," என்றார் மிஸ், மெதுவாக.

எல் போட்டாள். ம்ஹூம். மணி அடிக்க ஐந்தே நிமிடம் இருந்தது.

தும்பி இதை எப்படிச் சொல்வாள்? வாயாடி கண்ணை மூடி, அவள் குரலை நினைத்துப் பார்த்தாள். பிறகு இரண்டு ‘ழ’வுக்கும் ஒய் போட்டாள்.

கடிதம் திறந்தது.

முதல் வரி கண்ணில் படுவதற்குள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அப்படியே தட்டுத் தடுமாறி, ஒரு நாற்காலியில் முட்டியை இடித்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். தும்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிஸ் கடிதத்தைப் படித்தார். இன்னொரு முறையும் படித்தார்.

"பேரை வீட்டுக்கே அனுப்பறேன்," என்றார். மணி அடித்தது.

வாயாடி வீட்டுக்குள் நுழையும்போதே, "அம்மா, எனக்கு ஒரு பெரிய ரகசியம் தெரியும்!" என்றாள்.

"என்னடி அது?"

"அது எனக்கே தெரியாதும்மா!"

அம்மா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை.

மாலையில் மிஸ்ஸின் பட்டியல் அம்மாவின் போனுக்கு வந்தது. ‘மழைப் பாட்டு: தும்பி’ என்று இருந்தது. வாயாடி குதித்த குதியில் போன் சோபாவுக்கு அடியில் போய்விட்டது.

மறுநாள் காலையில் பம்பரம் ஓடி வந்தான். "பட்டியல் திறக்குது. ஆனா பேரை மாத்தப் பார்த்தா ‘திருத்த அனுமதி இல்லை’ன்னு வருது! மிஸ்ஸும் ரெண்டாவது பூட்டுப் போட்டுட்டாங்க. நீதானே சொல்லிக் குடுத்தே?"

"யார்கிட்டயும் சொல்லாதே," என்றாள் வாயாடி.

இடைவேளையில் தும்பி அவளைத் தனியாக அழைத்துப் போனாள்.

"நான் என்ன எயுதினேன்னு சொல்லட்டுமா? ‘பாட்டு மொத்தமும் எனக்கு மனப்பாடம் மிஸ். ஆனா அதுல எனக்கு வராத எயுத்து பதினொண்ணு இருக்கு. பரவாயில்லையா?’ன்னு கேட்டேன்."

வாயாடி சிரிக்கவில்லை. தன் டப்பாவில் இருந்த வாழைப்பழத்தில் பாதியைப் பிய்த்து அவளிடம் கொடுத்தாள்.

ஆண்டு விழா நாளும் வந்தது. தும்பி மைக் முன்னால் நிமிர்ந்து நின்றாள். "வயியெல்லாம் மயை, குயியெல்லாம் மயை!" என்று அவள் குரல் கணீரென்று எழுந்தது.

பம்பரம் வாயைத் திறந்தான். வாயாடி அவன் காலை ஒரு மிதி மிதித்து, காதருகே சொன்னாள்:

"திருத்த அனுமதி இல்லை."