இருபத்திரண்டு துண்டுகள்

மூன்றாம் மாடிப் பெண்கள் இருபத்திரண்டு பேருக்கும் மாதவிலக்கு ஒரே நாளில் வந்தது. இரண்டு ஆண்டுகளாக அப்படித்தான். உதிரமானி அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

உதிரமானி என்பது படிக்கட்டுக்கு எதிரே சுவரில் பதித்த வெள்ளைப் பெட்டி. நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்களின் கட்டடங்களில் மாடிக்கு ஒன்று வைத்திருந்தார்கள். விலக்குத் துணியிலிருந்து தீப்பெட்டி அளவு ஒரு துண்டை வெட்டி அதன் வாயில் வைத்தால், இரத்தத்தைப் படித்துச் சொல்லும். சோகையா, கருப்பையில் கட்டியா, என்ன சாப்பிடலாம், எப்போது மருத்துவரிடம் போக வேண்டும். பெண்கள் அதைச் செவுத்தக்கா என்று அழைத்தார்கள். அது கற்றுக்கொடுத்த முதல் பாடத்தைச் சிறுமிகள் படிகளில் கூவிக்கொண்டு ஓடினார்கள். "அழுக்கு இல்லை, செய்தி!" கட்டிலுக்கு அடியில் ஈரத்தோடு மடங்கிக் கிடந்த துணிகள் மொட்டைமாடி வெயிலுக்கு வந்தன.

இரத்தச் சத்தின் எண் அவரவர் அட்டையில் ஏறும். யாருடைய இரத்தம் என்பதைப் பெட்டி நினைவில் வைக்கக் கூடாது. அந்த உரிமையைப் பெண்களே போராடி வாங்கினார்கள். பெட்டியிடம் மிஞ்சியது மாடியின் பொது அளவு மட்டும். எது இயல்பு, எது நோய் என்பதை அந்த அளவிலிருந்துதான் அது கற்றுக்கொண்டது.

பிறகு சட்டம் வந்தது. எண் பத்துக்குக் கீழே போன பெண்ணைத் தையல் ஆலைகள் வேலைக்கு வைக்கக் கூடாது, ஓய்வு கொடுத்து அனுப்ப வேண்டும். ஓய்வு நாளில் என்ன சாப்பிடுவது என்று சட்டத்தில் இல்லை.

அந்த மாடியில் பன்னிரண்டைத் தாண்டியவள் ஒருத்திதான். தேசம்மாவின் மகள் யுவஸ்ரீ. அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. தங்கள் துணிக்குப் பதிலாகப் பெட்டியில் வைக்க அவள் துணியில் ஒரு துண்டு கேட்டு, காப்பித்தூள் இரவல் கேட்பதுபோல் மற்றப் பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். தேசம்மா ஆலையில் கட்டிங் மேசைக்காரி. மகளின் துணியை விரித்து, கத்தரியால் இருபத்திரண்டாக வெட்டுவாள். ஒரு துண்டுகூடப் பிசகாது. அதில் ஒன்றைத் தனக்கும் வைத்துக்கொள்வாள்.

இன்று தேசம்மாவுக்கு உதிரம் நிற்காமல் பதினோராவது நாள்.

காலையில் மருத்துவமனையில் செவிலி அட்டையைத் தேய்த்துப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினாள்.

"பன்னெண்டு புள்ளி ஆறு. ரெண்டு வருஷமா இதேதான். உனக்கு இன்னாம்மா கொற? லீவு வேணும்னா உன் மேஸ்திரிய போய்க் கேளு. பொட்டி சீட்டு குடுத்தாத்தான் டாக்டரப் பாக்க முடியும்."

மின்தூக்கி ஓடவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் தேசம்மா உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். மேலே கைப்பிடியில் சாய்ந்திருந்த பக்கத்து வீட்டு மேகலா சிரித்தாள்.

"இன்னா தேசம்மா, புதுப்பொண்ணாட்டம் படிக்குப் படி குந்திக்கினு வர?"

பிறகு புடவையின் பின்புறத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

யுவஸ்ரீ குளியலறையிலிருந்து அம்மாவின் துணித் துண்டோடு வந்தபோது கதவுகள் திறந்திருந்தன. பெண்கள் நடைபாதையில் நின்றார்கள். மேகலா மட்டும் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"யோசிச்சுக்கோடி. நெசத்த வெச்சா நாளைலேர்ந்து உங்கம்மாவுக்கு வேல கெடையாது. அத்தோட நிக்குமா? எங்க அட்டையெல்லாம் நோண்டுவாங்க."

"அம்மாவே இல்லாங்காட்டி வேல யாருக்கு அத்த?"

பிடி தளர்ந்தது.

யுவஸ்ரீ துண்டை வைத்தாள். வழக்கமாக நான்கு நொடி. இன்று பெட்டி நெடுநேரம் முனகிக்கொண்டிருந்தது. கீழே எங்கோ ஒரு குழாய் சொட்டுவது கேட்டது.

"மகளே," என்றது பெட்டி, அதே கனிந்த குரலில். "இந்த மாடியின் ஐந்நூற்று இருபத்தெட்டு மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இங்கே யாருக்கும் இப்படி வருவதில்லை."

"அதெல்லாம் என்னுதுக்கா! அத்தினியும் என்னுது. இதுதான் எங்கம்மாது. சீட்டு குடு."

"யாருடையது என்பதை நான் அறியக் கூடாது. நீங்கள் கேட்டுக்கொண்டதுதான். அளவைத் திருத்த வேண்டுமானால் மாடியில் உள்ள எல்லோரும் மூன்று மாதம் புதிய மாதிரி தர வேண்டும்."

யுவஸ்ரீ திரும்பினாள். மேகலா தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கதவு சத்தமில்லாமல் சாத்தப்பட்டது. பிறகு இன்னொன்று. தேசம்மா சுவரைப் பிடித்தபடியே சரிந்து தரையில் அமர்ந்தாள்.

"மூணு மாசமா?" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

பெட்டியின் வாய் திறந்தது. துண்டு யுவஸ்ரீயின் உள்ளங்கையில் வந்து விழுந்தது. இன்னும் ஈரமாக இருந்தது.

"இதில் செய்தி எதுவும் இல்லை, மகளே," என்றது பெட்டி. "அழுக்கு. தூரப் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொள்."