முகர்ந்து பார்க்கும் வேலை

மழை விட்ட பிற்பகலில் வாசல் சாக்கடையிலிருந்து எழும்பிய கொசுக்கூட்டம் வீட்டுக்குள் புகுந்து, தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்த அவள் கணுக்காலையும் தொட்டிலில் கிடந்த எட்டு மாதக் குழந்தையின் கன்னத்தையும் மொய்த்தது. எதிரே வெறும் பனியனோடு உட்கார்ந்திருந்த அவள் கணவன் மேல் மட்டும் ஒன்றுகூட உட்காரவில்லை.

அவர்கள் செய்வது பூனைகளுக்கான பொம்மைத் தொழில். அவள் துணியில் எலி தைப்பாள். அவன் அதன் வயிற்றில் உலர்ந்த பூனைப் புதினாவை அடைப்பான். அந்த இலையின் எண்ணெய் இருக்கும் இடத்தில் கொசு அண்டாது. பூனை அதில் முகத்தைத் தேய்த்து, எச்சில் வடியப் புரண்டு, சொக்கிப்போவதெல்லாம் மூக்கு வழியாகத்தான். வாசனை உள்ளே போனதும் அதன் மூளை தனக்கு வேண்டிய சுகத்தைத் தானே சுரந்துகொள்கிறது. புரண்ட புரளலில் ரோமமெல்லாம் எண்ணெய் ஏறிவிடுவதால் கொசுக்கடிக்கும் தப்பிக்கிறது. எல்லாம் பத்து நிமிடக் கூத்து. அதன் பிறகு அரை மணி நேரத்துக்கு அதே இலையை மூக்கில் வைத்துத் தேய்த்தாலும் பூனை ஏறெடுத்துப் பார்க்காது.

தொழிலில் சிக்கலே அங்கேதான். வந்திறங்கும் மூட்டையில் இலை வீரியமாக இருக்கிறதா என்று சொல்ல வேண்டியவை வீட்டிலிருந்த மூன்று பூனைகள். அவற்றில் வெள்ளைப் பூனைக்குப் பிறவியிலேயே அந்த வாசனை ஏறாது. சில பூனைகள் அப்படித்தான். மற்ற இரண்டும் முதல் மூட்டையிலேயே ஓய்ந்துவிடும். வண்டிக்காரனோ வாசலில் நின்று அவசரப்படுத்துவான். அதனால் போன வருடத்திலிருந்து அவள் கணவனே மூட்டைக்குள் தலையை விட்டு முகர ஆரம்பித்தான்.

"மனுஷனுக்கு ஒண்ணும் பண்ணாதுடி. டீ மாதிரி போட்டுக் குடிச்சா கொஞ்சம் தூக்கம் வரும், அவ்வளவுதான்" என்பான்.

ஆனால் இன்று அவன் மூட்டைப் பக்கமே போகவில்லை. சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். அப்படியும் அவன் வியர்வையிலிருந்து அந்தக் காட்டமான பச்சை நெடி, ஈரத்துணி வாடையையும் இயந்திர எண்ணெய் வாடையையும் மீறி, அறை முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. மூன்று பூனைகளும் பின்சுவரோடு ஒட்டி உட்கார்ந்து அவனையே பார்த்தன. வெள்ளைப் பூனையும்தான்.

அவன் எழுந்து போய் கதவு நிலையில் கன்னத்தைத் தேய்த்தான். மெதுவாக. மேலிருந்து கீழாக. பிறகு அடுத்த கன்னம்.

அவள் சமையலறைக்குப் போய், மிருக ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் அக்காவைப் போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, பூனைப் புதினா மனுஷங்களை ஏதாவது பண்ணுமா?"

"ஏன்டி, உன் வீட்டுக்காரர் தரையில உருள்றாரா?" அக்கா சிரித்தாள். "அது பூனைக்குத்தான் ஏறும். நமக்கெல்லாம் அந்தக் கொடுப்பினை இல்ல."

"நிலையில கன்னத்தைத் தேய்க்கிறாரு."

"அரிச்சிருக்கும். நீ ஒருத்தி, தொட்டதுக்கெல்லாம் பீதி."

"அரை மணிக்கு ஒரு தடவைக்கா. சரியா பத்து நிமிஷம். காலையிலேருந்து கடிகாரத்தைப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

அக்காவின் சிரிப்பு நின்றது. "புள்ளையத் தூக்கிக்கிட்டு இங்க வந்துடு. இப்பவே கெளம்பு."

அவள் கூடத்துக்கு வந்தபோது அவன் தேய்ப்பதை விட்டிருந்தான். நாற்காலியில் சாய்ந்து, தூங்கி எழுந்தவன் போல அவளைப் பார்த்துப் புன்னகைத்தான்.

"யாருகிட்ட பேசின?"

"அக்காகிட்ட."

இனி அரை மணி நேரம் பயமில்லை என்று கணக்குப் போட்டாள். பூனைகளை வைத்துப் பழகிய கணக்கு. குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டு, பால் டப்பாவும் மாற்றுத் துணியும் எடுக்க உள்ளறைக்குப் போனாள். பையைத் திறந்தாள். இரண்டு சட்டை. ஒரு போர்வை. சீசாவைத் தேடினாள்.

தொட்டில் கிறீச்சிட்டது.

ஒரே ஒரு தடவை.

குழந்தை அழ ஆரம்பித்தது. அந்த அழுகை பாதியில் அறுந்தது.

ஓடி வந்தாள். தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே விரிப்பு மட்டும். ஜன்னல் வழியே கடைசிப் பூனையின் வால் வெளியே மறைந்தது. நாற்காலி காலி. வாசல் கதவு தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

தலைக்கு மேலே சாக்கு உரசும் சத்தம்.

பரணில், மூட்டைகளுக்கு நடுவே, கையையும் காலையும் ஊன்றி அவன் நின்றிருந்தான். ஏணி சுவரோரம் கிடந்தது, யாரும் தொடாமல். குழந்தையின் பின்கழுத்துச் சதை அவன் பற்களுக்கிடையில் இருந்தது. ரத்தம் இல்லை. அவ்வளவு பதமான பிடி.

குழந்தை அழவில்லை. துள்ளவில்லை. முழங்கால்களை வயிற்றோடு மடக்கி, கைகளைச் சுருட்டிக்கொண்டு, துவண்டு தொங்கியது. கண்கள் மட்டும் திறந்திருந்தன. அவளைப் பார்த்தன.

"குடுத்துடுங்க," என்றாள்.

அவன் ஓரடி பின்வாங்கினான். மூட்டைகளின் இருட்டுக்குள். தொண்டைக்குள் ஏதோ உறுமியது.

அவள் கையை நீட்டினாள்.

அவன் காதுகள் பின்னால் மடங்கி, தலையோடு படிந்தன.

பிறகு, மெல்ல, குழந்தையின் காதுகளும்.