நீலக் கோடு சிவந்தது

"ஆஆஆ...!"

பேனல் ஹாலில் எழுந்த அலறல் பாதியில் அறுந்தது.

டிசைன் அறையில் கம்ப்யூட்டரில் ஒயரிங் படம் வரைந்துகொண்டிருந்தவள் ஓடினாள்.

புதிய மின்பெட்டியின் கதவு திறந்து கிடந்தது. மெயின் ஸ்விட்ச் அணைக்கப்பட்டிருந்தது. அதன் கீழே எலக்ட்ரீஷியன், உயிரில்லாமல்! விரல்களில் ஒரு நீல ஒயர்...

அவன், அவள் கணவன்.

காரியம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய அன்று இன்ஸ்பெக்டர் வந்தார். அவளுக்கும் மேனேஜருக்கும் நடுவே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒயர் கலருக்கு என்னம்மா கணக்கு?"

"சிவப்புன்னா ஸ்விட்சை அணைச்சாலும் கரண்ட் இருக்கும் சார். நீலம்னா இருக்காது. படத்துல இருக்கற கலர் ஒயரைத்தான் பெட்டியில மாட்டுவாங்க."

"அவர் டெஸ்டர் வெச்சுப் பார்க்கலையா?"

அவள் குரல் உடைந்தது.

"'என் பொண்டாட்டி போட்ட படத்துக்கு டெஸ்டர் வெச்சா வீட்ல சோறு கிடைக்காது'ம்பாரு... ஹாலுக்கே தெரியும்."

மேனேஜர் உச்சுக்கொட்டினார்.

"பாவம் சார், இந்தப் பொண்ணு அசதியில தப்பு பண்ணிருச்சு. ஸ்விட்சுக்குக் கீழ சேர வேண்டிய நீலக் கோடு மேல சேர்ந்திருக்கு. பிரிண்ட்ல பாருங்க."

"என் கையா அவரைக் கொன்னுச்சு?" அவள் முணுமுணுத்தாள்.

"கம்ப்யூட்டர்ல காட்டும்மா."

படம் திறந்தது.

அந்தக் கோடு... சிவப்பு!

"பிரிண்ட்ல நீலமாச்சே?"

"அவர் போனதிலேருந்து இப்படித்தான் சார்..."

மேனேஜர் குறுக்கிட்டார்.

"வை... வைரஸா இருக்கும்!"

"இருக்கலாம். வாம்மா, தண்ணி குடிச்சிட்டு வருவோம்."

அவர்கள் போனதும் மேனேஜர் மவுஸைப் பிடித்தார். கோட்டை நீலமாக்கினார். சேமித்தார். மூடினார். ஒரு சந்தேகம்... மறுபடி திறந்தார்.

சிவப்பு!

மீண்டும் நீலம். மீண்டும் சிவப்பு!

கீபோர்டு பக்கத்தில் செத்தவனின் ஸ்க்ரூ டிரைவர். எப்போதும் அதால் காதைக் குடைவான். அது மெல்ல உருண்டு... 'டக்'கென்று தரையில் விழுந்தது!

"விட்டுடுடா!" மேனேஜர் காலி நாற்காலியைப் பார்த்துக் கத்தினார். "எத்தனை தடவைடா நீலமாக்கறது! நான் செம்புக் கம்பி திருடறதை முதலாளிகிட்ட சொல்றேன்னு ஏண்டா மிரட்டினே? அதனாலதானே கோட்டை மேல சேர்த்து நீலம் பூசினேன்!"

"ஓ... நீங்கதான் பெயின்டரா?"

கதவருகே இன்ஸ்பெக்டர்! பின்னால் அவள், கண்ணீரைத் துடைத்தபடி.

"அவன் ஆவி சார்... அங்க..."

"ஆவி இல்ல," என்றாள் அவள். "ஒரு செட்டிங். கோடு எதோட சேர்ந்திருக்கோ அந்தக் கலர் தானா வந்துடும். நீங்க அது மேல வேற கலர் பூசி பிரிண்ட் எடுக்கலாம். மூடித் திறந்தா பூச்சு போயிடும். நான் தப்பா சேர்த்திருந்தா அப்பவே என் கண்ணு முன்னாடி சிவந்திருக்குமே! இதை காலையிலயே இன்ஸ்பெக்டர் சார்கிட்ட சொல்லிட்டேன்."

"ஆனா அந்த செட்டிங் இங்க எப்பவும் ஆஃப்லதானே இருக்கும்?" என்றார் மேனேஜர்.

"இருந்துச்சு. சாகறதுக்கு முந்தின வாரம் அவர் என் சீட்ல உட்கார்ந்து ஆன் பண்ணாரு. 'நீ தூங்கி வழிஞ்சு தப்பு பண்ணா கலரே காட்டிக் குடுக்கட்டும்'னு கேலி பண்ணாரு."

அவள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கையில் இறுக்கிக்கொண்டாள்.

மேனேஜரின் தோளில் இன்ஸ்பெக்டரின் கை விழுந்தது.

"கிளம்புங்க பெயின்டர் சார். நம்ம இடத்துல கலர் குழப்பமே வராது... எல்லாம் காக்கிதான்!"